ஷூ பெட்டிக்கு முழு டிக்கெட்

பெங்களூருக்கு நான் முதன்முதலில் நின்றுகொண்டேதான் போனேன். எனக்குக் கிடைக்க வேண்டிய ஜன்னலோர சீட்டில் ஒரு ஷூ பெட்டி உட்கார்ந்து வந்தது.

அன்று சாயங்காலம் அங்கே ஒரு ஹாலில் மாமா பாடும் குழுவின் மெல்லிசைக் கச்சேரி. மாமா என்றால் அம்மாவின் தம்பி. ஆம்பூரில் அப்பா குறை பார்க்கும் செக்கராக இருந்த ஷூ ஃபேக்டரியில் அவருக்கும் அப்பா வேலை வாங்கிக் கொடுத்திருந்தார். மாமா அதை உதறிவிட்டுப் பாடப் போனார். அன்றிலிருந்து இருவருக்கும் பேச்சில்லை. இத்தனை நாள் கோரஸில் நின்றவர் அன்றுதான் தனியாகப் பாடப் போகிறார், அதுவும் முதல் பாட்டு.

வரவே மாட்டேன் என்றிருந்த அப்பா திடீரென்று கிளம்பினார். மேடையில் மாமா தேய்ந்த செருப்போடு நிற்கக் கூடாதாம். ஏற்றுமதிக்குத் தேறாத ஷூக்களை ஃபேக்டரியில் தொழிலாளர்களுக்கு மலிவாகக் கொடுப்பார்கள். குவியலில் தேடி ஜோடியை நாமே சேர்க்க வேண்டும். அப்படிச் சேர்த்த கறுப்பு ஷூவை அப்பா பாலிஷ் போட்டு, பேப்பரில் சுற்றி, பெட்டியில் வைத்து, கடைசியில் பெட்டியை வீட்டிலேயே மறந்துவிட்டு ஸ்டேஷனுக்கு வந்தார். அதை எடுக்க அவர் திரும்பி ஓடியதில் ரயில் போய்விட்டது.

பஸ்ஸில் ஒரே கூட்டம். பெட்டி நசுங்கிவிடும் என்று சீட்டில் வைத்துவிட்டு, "பாப்பா, நீ அம்மா மடியில குந்திக்கோ" என்றார். மடியில் உட்காருகிற வயதா எனக்கு? நின்றேன்.

"பெட்டிக்கு இன்னா, டிக்கெட் எடுக்கப் போறியா சார்?" என்று கண்டக்டர் நக்கலாகக் கேட்டார். அப்பா எடுத்தார்! எனக்கு அரை டிக்கெட், பெட்டிக்கு முழு டிக்கெட்.

"ஒருவாட்டி திறந்து பார்த்துடுங்களேன்" என்றாள் அம்மா.

"தினம் ஆயிரம் ஜோடி பார்க்கறவன் நானு. என்கிட்டயேவா?"

ஓசூர் நெரிசலில் பஸ் ஊர்ந்தது. எனக்குக் கால் விட்டுப்போயிற்று. ஹாலுக்குள் நுழையும்போது மேடையில் தபேலாவைத் தட்டிச் சரிபார்த்துக்கொண்டிருந்தார்கள். மேடைக்குப் பின்னால் நின்ற மாமாவிடம் அப்பா ஒன்றும் பேசாமல் பெட்டியை நீட்டினார்.

மாமா திறந்தார். இரண்டும் இடது கால் ஷூ.

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அப்பாவின் முகம் செத்துப்போயிற்று. மாமா குனிந்து, செருப்பை ஒதுக்கிவிட்டு, வலது காலையும் இடது ஷூவுக்குள் திணித்தார்.

"கழட்டிடு மச்சான், கால் கடிக்கும்" என்றார் அப்பா.

"கரெக்டா இருக்குது மாமா" என்று அப்பாவிடம் சொல்லிவிட்டு மேடை ஏறினார்.

முதல் பாட்டை நான் காதில் வாங்கவே இல்லை. கோணலாக நின்ற அந்தக் காலையே பார்த்துக்கொண்டிருந்தேன். செருப்போடு பாடினால் யார் அடிக்கப் போகிறார்கள்? ஒரு நாளைப் பாழாக்கிய பெட்டிக்கு இந்த மரியாதையா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கச்சேரி முடிந்து மாமா நொண்டிக்கொண்டே இறங்கினார். அப்பா சட்டென்று தரையில் குந்தி, அவர் காலைத் தன் தொடைமேல் தூக்கி வைத்துக்கொண்டு, மெதுவாக ஷூவைக் கழற்றினார். சுண்டுவிரல் தோல் உரிந்திருந்தது. ஷூவைக் கையில் வைத்துக்கொண்டே அந்த விரலைத் தடவியபடி வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

ஷூவில் வேறென்ன குறை என்று அப்பா இப்போதாவது செக் பண்ணுகிறாராக்கும் என்று நினைத்தேன். பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று அவர் சட்டையைப் பிடித்து இழுத்தேன்.