மச்சான் பூட்டிய மெமரி

எங்கள் பக்கத்தில் கலியாணம் முடிந்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து குடியேறுவார். என் அக்கா, எங்கள் வழக்கில் ராத்தா, அவளைக் கட்டிய மச்சானும் அப்படித்தான் பொத்துவிலிலிருந்து இரண்டு பெட்டியோடு எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தார். எனக்கு அப்போது பத்து வயது. எந்தக் கதிரையில் இருப்பது, யாரிடம் தண்ணீர் கேட்பது என்று தெரியாமல் ஒரு பெரிய மனிதர் திண்டாடுவதைப் பார்க்க எனக்கு நல்ல வேடிக்கையாக இருந்தது.

சம்பந்தம் பேச வந்தவர்கள் "கொம்பியூட்டர் எல்லாம் தெரிஞ்ச பொடியன்" என்று சொல்லி வைத்திருந்தார்கள். உண்மையில் மச்சான் ஓர் அலுவலகத்தில் எழுதுவினைஞர். கணினியில் கடிதம் அடிப்பார், அவ்வளவுதான். அவர் பெருமை பேசியதுமில்லை, இல்லையென்று மறுத்ததுமில்லை.

எங்கள் வீட்டுக் கணினி ராத்தா ஏ.எல். படிக்கும்போது வாங்கியது. கட்டாரில் வேலை செய்யும் என் அண்ணன் காக்காவோடு வெள்ளிக்கிழமை தோறும் உம்மா அதில்தான் முகம் பார்த்துக் கதைப்பார். சில மாதங்களாகக் காக்காவின் முகம் வாயைத் திறந்தபடி அப்படியே நின்றுவிடும். உம்மா "மகன், மகன்" என்று திரையைத் தட்டுவார். மெமரி காணாது, கூட்ட வேண்டும் என்று ராத்தாதான் சொன்னாள். பழுது பார்க்கிறவரைக் கூப்பிடுவோமா என்று உம்மா கேட்டதும் வாப்பா சிரித்தார்.

"வெளி ஆக்கள் என்னத்துக்கு? நம்மட மருமகன் இரிக்காரு."

மச்சானுக்கு வியர்த்ததை நான் பார்த்தேன். ஆனாலும் வியாழக்கிழமை வேலை முடிந்து வரும்போது ஒரு மெமரி வாங்கி வந்தார். பச்சை நிறம், இரண்டு ஜீபி. வீடே சுற்றி நின்றது. வாப்பா டோர்ச் அடித்தார். மச்சான் கணினியின் பக்கத் தகட்டைக் கழற்றி, அதைப் பழைய மெமரிக்குப் பக்கத்தில் வைத்து அழுத்தினார். போகவில்லை. திருப்பி வைத்து அழுத்தினார். அப்போதும் போகவில்லை. மெமரியில் இருந்த வெட்டு ஓரிடத்தில், பொருத்தும் இடத்திலிருந்த மேடு வேறோரிடத்தில். எல்லாம் கரைத்துக் குடித்தவர் போல நின்றுகொண்டிருந்த வாப்பாவுக்கு அது தெரியவில்லை. ராத்தாவுக்குத் தெரிந்தது.

"உள்ளுக்குத் தூசி இரிக்கி மாமா. நாளைக்குப் பூட்டுவம்," என்றார் மச்சான். அவருடைய காதெல்லாம் சிவந்துவிட்டது. வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. இந்த வீட்டில் அவருக்கு என்ன மதிப்பு என்பது நாளைக்கு முடிவாகப் போகிறது என்று அவருக்கு விளங்கியிருக்க வேண்டும்.

மறுநாள் அவர் அலுவலகம் போனதும் ராத்தா கணினியைத் திறந்து பழைய மெமரியைக் கழற்றினாள். அதையும் பச்சையையும் கைக்குட்டையில் சுற்றி, மதர்போர்டின் இலக்கத்தைக் கடதாசித் துண்டில் குறித்துக்கொண்டாள். தையல்காரி வீட்டுக்குப் போவதாக உம்மாவிடம் சொல்லிவிட்டு, என்னைக் கூட்டிக்கொண்டு, மெமரி உறையில் பெயர் இருந்த கல்முனைக் கடைக்குப் போனாள். கடைக்காரர் இரண்டையும் கண்ணாடி மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

"நீளம் ஒண்டுதான். வெட்டுத்தான் வேற. இது டி.டி.ஆர். த்ரீ, உங்கட போர்டுக்கு டூதான் போகும். ஆரு இத வாங்கினது?"

"நான்தான் பிழையாச் சொல்லி அனுப்பிட்டன்," என்றாள் ராத்தா.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கணினிப் பாடமான ஐ.சி.டி.யில் ஏ எடுத்தவள் பிழையாகச் சொல்வாளா? அவளோ துண்டைக் காட்டி, பழையதின் வேகமும் புதியதின் வேகமும் ஒன்றா, ஒரே இடத்தில் இரண்டு ஜீபியை இந்தப் போர்டு ஏற்குமா என்றெல்லாம் விசாரித்து, நீல நிறத்தில் ஒன்றை மாற்றி வாங்கினாள். வீட்டுக்கு வந்து பழையதைத் திரும்பப் பூட்டினாள். நீலத்தைப் பச்சை இருந்த உறைக்குள் போட்டு, மச்சான் வைத்த இடத்திலேயே வைத்தாள்.

"வாயத் திறந்தா பாரு," என்றாள் என்னிடம்.

பின்னேரம் மச்சான் உறையிலிருந்து மெமரியை எடுத்தார். கொஞ்ச நேரம் அதையே பார்த்தார். பிறகு குசினிப் பக்கம் பார்த்தார். ராத்தா தலை நிமிராமல் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தாள். மச்சான் குனிந்து அழுத்தினார். டக்கென்று போய் உட்கார்ந்தது. அன்றைக்குக் காக்காவின் வாய் திறந்தது, மூடியது, சிரித்தது. உம்மா அழுதேவிட்டார்.

சனிக்கிழமை பகல் சாப்பாட்டிலும் வாப்பா அதே புராணம்தான். "மருமகன்ட கை பட்டதும் என்ன மாதிரி ஓடுது பாத்தீங்களா!" என்று சொல்லிக்கொண்டே பாரை மீன் தலையை எடுத்து மச்சானின் சோற்றுக் கோப்பையில் வைத்தார். அந்தத் தலை எப்போதும் எனக்கு வருவது. மற்றதையெல்லாம் பொறுத்த என்னால் இதைப் பொறுக்க முடியவில்லை.

"அது மச்சான் வாங்கினது இல்ல! ராத்தாதான் கல்முனைக்குப் போய் மாத்தின. நானும் போனன்!"

வாப்பாவின் கை நின்றுவிட்டது. ராத்தா சோற்றுக்கு மீன் ஆணம் ஊற்றிக்கொண்டிருந்தாள். ஒரு சொட்டுச் சிந்தவில்லை.

"நாங்க தையல்காரிட்டத்தான் போன. இவள் பொய் சொல்றாள்."

கரம் பலகையில் நான் காயைக் களவாக நகர்த்தினால்கூட அல்லாஹ் பார்க்கிறான் என்று கையைப் பிடிக்கிறவள், என் முகத்தைப் பார்த்து இப்படிச் சொன்னாள். மச்சானைப் பார்த்தேன். பச்சை நீலமானது அவருக்குத் தெரியுமே! அவர் குனிந்து சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார். உதட்டில் ஒரு சிரிப்பு.

"பெரிய ஆக்களோட இப்பிடியா கதைக்கிற? ஒழும்பு!" என்றார் வாப்பா.

அறைக்குள் போய்க் கட்டிலில் விழுந்து அழுதேன். அங்கே இருக்கும்போது வெளியே மச்சானின் குரல் கேட்டது. எங்கள் வீட்டுக்கு வந்தபின் அவர் வாய்விட்டு ஒன்று கேட்டது அதுதான் முதல் தடவை.

"இன்னம் கொஞ்சம் சோறு போடு."

என்னைப் பொய்க்காரியாக்கிவிட்டு இவருக்குச் சோறு வேறு கேட்கிறதா என்று தலையணையைக் குத்தினேன். அந்த மனிதருக்கு எங்கள் வீட்டில் அன்றைக்குத்தான் பசிக்கத் தொடங்கியிருக்கிறது என்று எனக்கு எப்படி விளங்கும்?