நல்ல யூனியன்

ஆங்கிலேய டாக்டர் எக்ஸ்ரே படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, "குட் யூனியன்!" என்று உரக்கச் சொன்னார். கட்டிலில் கிடந்த என் மாமாவின் முகம் வெளிறிப்போனது. நான் சாப்பாட்டுத் தூக்கோடு பக்கத்தில் நின்றிருந்தேன்.

மாமா எங்கள் தீவில் ரோஸ் பெல் என்ற ஊருக்குப் பக்கத்துத் தோட்டத்தில் கரும்பு வெட்டுபவர். தோட்டங்களில் நடந்த வேலைநிறுத்தத்தின் சூடு அடங்காத காலம் அது; சங்கம் என்றாலே போலீஸ் வரும். அவரும் அடுத்த வீட்டுக் கூட்டாளியும் சங்கம் அமைப்பதற்காக வீடு வீடாகப் போய் ரகசியமாகப் பேசிவந்தார்கள். அந்த நேரம் பார்த்துக் கரும்பு வண்டி கவிழ்ந்து மாமாவின் கால் முறிந்தது. எங்களுக்குத் தெரிந்த யூனியன் ஒன்றுதான், சங்கம். அதுவரை டாக்டர் வரும்போதெல்லாம் "நோ யூனியன்" என்று தலையை ஆட்டுவார். "நோ யூனியன், தொக்தேர், நோ!" என்று மாமாவும் அவசரமாக ஒத்துக்கொள்வார். அன்று திடீரென்று சங்கம் பற்றி டாக்டருக்கு எப்படித் தெரிந்தது? முந்தின நாள் பார்க்க வந்தவர் கூட்டாளி மட்டும்தான்.

"எஸ்பியோன்! உளவு சொல்லிக் காட்டிக் குடுத்துட்டான்," என்று மாமா என் காதில் முணுமுணுத்தார்.

போலீஸ் வரவில்லை. கட்டுப் பிரித்து அவரை வீட்டுக்கு அனுப்பினார்கள். அன்றுமுதல் அவர் கூட்டாளியைக் கண்டால் வேறு பாதையில் போனார். இருவரும் சேராததால் மற்றவர்களும் ஒதுங்கிக்கொண்டார்கள். அந்தத் தோட்டத்தில் சங்கம் அமையவே இல்லை.

பல வருடங்களுக்குப் பிறகு நான் நர்ஸ் பயிற்சியில் சேர்ந்தேன். ஒரு குழந்தையின் கைப் படத்தைப் பார்த்த டாக்டர் அதே இரண்டு சொற்களைச் சொன்னார். டாக்டர்கள் அகராதியில் யூனியன் என்றால் முறிந்த எலும்பு கூடுவது. அன்று மாலையே பஸ் பிடித்து ஊருக்குப் போய் மாமாவிடம் சொன்னேன். அவர் "நீயும் வா," என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக் கதவைத் தட்டினார்.

கூட்டாளி முழுவதையும் கேட்டார். சிரிக்கவில்லை.

"நானும் ஒன்னு கேக்கணும்," என்றார். "ஆசுபத்திரியிலேருந்து வந்த நீ ஏன் என் மூஞ்சியிலே முழிக்கலே? நீதான் தோட்ட முதலாளியோட ஆளாயிட்டேன்னு நான் எல்லார்கிட்டேயும் சொல்லிவச்சேன்."

கூட்டாளி பெஞ்சில் நகர்ந்து இடம் கொடுத்தார். அதன்பின் மாலைகளில் அவர்கள் சேர்ந்தே உட்கார்ந்தார்கள். ஆனால் சங்கத்தைப் பற்றி ஒருவர் வாய் திறந்தால், மற்றவர் முதலில் திரும்பி வாசலைப் பார்த்துக்கொள்வார்.