எகிப்துத் துடக்கு

எங்கட வீட்டு மேலறையில் தமிழ்நாட்டுத் தம்பி ஒருவர் வாடகைக்கு இருந்தார். யூனிவர்சிட்டியில் ஆராய்ச்சி. எகிப்தில் பிரமிட்டுக்கும் முந்தின காலத்துப் புதைகுழிகளைக் கிண்டிப் பார்க்கிற வேலை. அந்த வருசம் கந்தசஷ்டியில், சூரன்போருக்கு முதல்நாள், அவர் எகிப்தால் வந்து இறங்கினார்.

நான் விரதம். அடுத்தநாள் சாமி தூக்க, கனகாலம் கேட்டு எனக்கு ஒரு இடம் கிடைச்சிருந்தது.

என்ரை மனுசி உடுப்புத் தோய்க்கிற மெசினை நிரப்பாமல் ஓடவிடமாட்டா. தம்பியின்ரை உடுப்பையும் என்ரை வேட்டிகள் எல்லாத்தையும் ஒண்டாப் போட்டுவிட்டா.

"சவக்குழிக்குள்ள நிண்ட உடுப்பெல்லோ," எண்டன். "துடக்கு. உங்கட பாசையில தீட்டு, தம்பி."

"அங்கிள், அவங்க செத்து அஞ்சாயிரம் வருஷத்துக்கு மேல ஆச்சு," எண்டார் தம்பி.

"அப்ப கழிஞ்சிருக்கும்," எண்டா மனுசி.

"ஆர் கழிச்சது? முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி செய்தவையோ?"

"படையல் வச்சிருக்காங்க அங்கிள். ரொட்டி, பானையில பியர். புதைச்ச பிறகும் வந்து வச்ச மாதிரி தெரியுது. அதைத்தான் ஆராயறோம்."

மண்ணுக்குள்ள முடங்கிக் கிடந்தாலும் அந்தச் சீவன்களைப் பசியோட விடேல்லை. கேட்க மனம் இளகிப்போச்சு. அவைக்காகவும் ஒருக்கால் கும்பிட்டன். ஆனாலும் வேட்டி வேட்டிதானே. கோயில் ஐயருக்கு ரெலிபோன் எடுத்தன்.

அவர் சிரிச்சு முடிய நேரம் எடுத்தது. "உமக்குச் சொந்தமோ?"

"இல்லை ஐயா."

"அப்ப முழுகும். உடுப்புக்கு மஞ்சள் தண்ணி தெளியும், அதுவே காணும்."

மனுசி தெளிக்கேல்லை. ஒரு செம்பு மஞ்சளைக் கரைச்சு, சோப்புப் போடுற தட்டுக்குள்ள ஊத்தி மெசினைத் திரும்ப ஓடவிட்டா. வெளியில வந்த எல்லாமே மஞ்சள். தம்பியின்ரை வெள்ளைச் சேட்டுகளும்தான்.

"ப்ரொஃபசர் கேட்டா என்ன சொல்றது ஆன்ட்டி?"

"படையல் எண்டு சொல்லுங்கோ."

ஹீட்டரில் காயவிட்ட வேட்டியோட அடுத்தநாள் கோயிலுக்குப் போனன். எல்லாரும் வெள்ளை, நான் மட்டும் மஞ்சள். தண்டுக்குத் தோள் குடுத்த உடனே பக்கத்து அண்ணை குனிஞ்சு கேட்டார்:

"என்ன நேர்த்திக்கடன்?"

சாமிக்குக் கீழ நிண்டு பொய் சொல்ல ஏலாது.

"வீட்டில ஒரு துடக்கு. நேற்றுத்தான் கழிச்சது."

அண்ணை அப்பிடியே நிண்டுபோனார். "தண்டை விடும் ஐசே. ஆர் செத்தது?"

"ஒரு எகிப்துக்காரர். பழைய சாவு அண்ணை. சொந்தமுமில்லை. ஐயரிட்டைக் கேட்டுத்தான் வந்தனான்."

அவர் ஐயரைத் திரும்பிப் பார்த்தார். ஐயர் வாயைச் சால்வையால் பொத்திக்கொண்டு, நடவுங்கோ எண்டு கையைக் காட்டினார். நான் தண்டை இன்னும் இறுக்கிப் பிடிச்சுக்கொண்டன்.