பனி பிடிக்காத தகடு

ஆய்வுக்கூடத்தில் அவளுக்கு வழுக்கல் அக்கா என்று பெயர். அலுமினியத் தகட்டை அமிலத்தில் அரித்து, மேலே மெழுகு மாதிரி ஒரு பூச்சு கொடுப்பாள். அதில் விட்ட தண்ணீர் முத்து முத்தாய் உருண்டோடிவிடும்; தகடு நனையவே நனையாது. கல்யாணமான புதிதில் தொடங்கிய வேலை. மகள் அவளுடைய செருப்பை மாட்டிக்கொண்டு போகும் அளவுக்கு வளர்ந்த பிறகும் முடிந்தபாடில்லை. பள்ளிக்கூட வேன் ஓட்டும் கணவன் மட்டும் சலிக்காமல் கேட்பான்: "இன்னிக்காவது ஏதாவது ஒட்டுச்சா?"

"ஒட்டாம பாத்துக்கறதுதான் என் வேலையே," என்பாள் அவளும் சலிக்காமல்.

வேலை அரைகுறையாக இருக்கும்போதே இயக்குநர் பத்திரிகைக்காரர்களைக் கூப்பிட்டுவிட்டார். தகட்டின் மேல் ஒரு டம்ளர் தண்ணீரைக் கவிழ்த்து, "தண்ணியே ஒட்டலை, பனி எப்படி ஒட்டும்?" என்றார். கைதட்டல் அடங்குவதற்குள் அவள் அவர் காதோடு சொன்னாள்: "சார், பனி டம்ளர்ல வராது, காத்துல வரும்."

"நல்ல நேரத்துல வாயை வைக்காதீங்கம்மா!"

செய்தியைப் படித்துவிட்டு ஓர் ஐஸ்க்ரீம் கிடங்கு முதலாளி ஓடிவந்தார். அவருடைய குளிர்சாதனத் தகடுகளில் பனி அப்பிக்கொள்ளும். உருக்குவதற்காக இயந்திரத்தை நிறுத்தினால் சரக்கு இளகிவிடும். புதுத் தகட்டைப் பொருத்திப் பார்க்க வழுக்கல் அக்காவையே அனுப்பினார்கள். இயக்குநருக்குக் குளிர் ஆகாது.

பொருத்திய மறுநாள் காலையில் பக்கத்துத் தகடுகளெல்லாம் வெளுத்துவிட்டன. அவளுடையது மட்டும் பளபளவென்று இருந்தது. முதலாளி அதன் பக்கத்தில் நின்று படமெடுத்து மச்சானுக்கு அனுப்பினார். நாம்தான் வீணாகப் பயந்தோமோ என்று அவளுக்கே ஒரு சபலம் தட்டியது.

மத்தியானம் சரக்கு லாரி வந்தது. கதவு ஆவென்று திறந்து கிடக்க, வெளிக்காற்றின் ஈரம் உள்ளே புகுந்து தகட்டில் பொடித் துளிகளாய்ப் படிந்தது. தகட்டின் ஓரத்தில் சுண்ணாம்புப் புள்ளி போல ஒன்று தெரிந்தது. அது பக்கத்துத் துளியை எட்டிப் பிடித்து உறைய வைத்தது. அந்தத் துளி அடுத்ததை. சாயங்காலத்துக்குள் தகடு முழுக்க வெள்ளை. முதலாளி திருப்புளியால் நெம்பினார். மற்ற தகடுகளில் பனி உதிர்ந்தது. இதில் பூச்சையும் சேர்த்துப் பெயர்த்துக்கொண்டு வந்தது.

"என்னம்மா இது, ஒட்டவே ஒட்டாதுன்னாங்க! உடும்பு மாதிரி பிடிச்சிருக்கே!"

"சொட்டா விழுந்தா ஓடிடும்ங்க. இது ஆவியா வந்து, பூச்சுல இருக்கிற பொடிப் பள்ளத்துக்குள்ள புகுந்து உறைஞ்சுடுச்சு. கொஞ்சம் தாமதமா வரும், அவ்வளவுதான். வராதுன்னு நான் சொல்லலை."

"அப்ப சொன்னது யாரு?"

மேலதிகாரி பெயரைச் சொல்வதா வேண்டாமா என்று அவள் யோசிக்கும்போதே, முதலாளி எரிச்சலோடு மெக்கானிக்கைக் கூப்பிட்டு உருக்கும் சூட்டைப் போடச் சொன்னார். சாதாரணத் தகடுகள் வியர்த்து வழிந்தன; சொட்டுகள் தொங்கிக்கொண்டே இருந்தன. அவளுடைய தகட்டில் சுரண்டாத பக்கத்துப் பனி கொஞ்ச நேரத்தில் இளகி, போர்வை நழுவுவது போல் மொத்தமாகச் சரிந்து விழுந்தது. பின்னால் ஒரு பொட்டு ஈரம்கூட இல்லை.

வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து இப்படி ஓர் அழகை அவள் பார்த்ததில்லை. விறைத்த கையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். படமெடுக்க யாருக்கும் தோன்றவில்லை.

"இதை முதல்லயே சொல்றதுக்கென்ன?" என்றார் முதலாளி. "வந்த பனி சட்டுனு போனா எனக்குப் போதும்மா. ஒரு அறைக்குப் போட்டுக் கொடுங்க."

அடுத்த வாரப் பத்திரிகையில் இயக்குநர் மறுபடியும் சிரித்தார். 'பனியை வழியனுப்பும் தகடு' என்று தலைப்பு. தொடக்கத்திலிருந்தே எங்கள் நோக்கம் இதுதான் என்று சொல்லியிருந்தார். கணவன் அதை உரக்க வாசித்தான். "உன் பேரு எங்கடி?"

"ஒட்டலை போல," என்றாள் அவள்.

பூச்சு தேயத் தேய அவள்தான் கிடங்குக்குப் போய்ப் புதுப்பித்துவிட்டு வருகிறாள். வெளியே வெயில் மண்டையைப் பிளக்கும்போது, தெருவிலேயே ஜலதோஷத்தோடு திரிகிற ஒரே ஆள் அவள்தான்.