பக்கத்து அறையில் இருந்த கவனம்

நான்கு வயதுவரை பேச்சு வராத பிள்ளை, பள்ளிப் பேச்சுப்போட்டியில் பரிசு வாங்கினாள். கடைசி பெஞ்சில் தள்ளப்பட்டவள், உளவியலில் முதுகலைப் பட்டம் பெற்றாள். "இதுக்கெல்லாம் யாரு வேலை குடுப்பா?" என்று உறவுக்காரர்கள் சிரிக்கச் சிரிக்க, பள்ளியில் உளவியலாளர் வேலையிலும் சேர்ந்தாள். கையெழுத்திடும் உரிமைதான் இன்னும் வரவில்லை. அவள் எழுதும் அறிக்கையை, மேற்பார்வையாளரான பெரிய மேடம் படித்துக் கையெழுத்துப் போட்டால்தான் செல்லும்.

பெயர்ப்பலகை எழுதும் அண்ணனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. அவள் பெயரைப் பலகையில் எழுதி, வார்னிஷ் பூசி, துணி சுற்றி வைத்திருந்தான்.

"மாட்டிடலாமா, வாயாடி?"

"பொறுண்ணா. கையெழுத்துக்கே வழியக் காணோம், பலகை எதுக்கு?"

அப்போதுதான் பள்ளியில் ஒரு சிறுமியைப் பற்றி அவள் அறிக்கை எழுத வேண்டி வந்தது. வகுப்பில் கவனமே இல்லை, வேறு பள்ளிக்கு அனுப்பிவிடலாம் என்று தலைமையாசிரியர் அவசரப்படுத்தினார். உளவியலாளரான அவளும் 'கவனம் இல்லை' என்று எழுதிக் கொடுத்தாள். பெரிய மேடம் அந்த வரியின் கீழ் கோடு போட்டார்.

"இத நீ பாத்தியா, கேட்டியா?"

"டீச்சர் சொன்னாங்க, மேடம்."

"அப்ப இது டீச்சரோட அறிக்கை. இதுல நான் எப்படிம்மா கையெழுத்துப் போடறது?"

அன்று அவள் சாப்பாட்டில் கை வைக்கவில்லை.

"ஒரு கோடு போட்டதுக்கா மூஞ்சி இப்படித் தொங்குது?" என்றான் அண்ணன்.

"என்னையும் இப்படித்தாண்ணா, யாரோ சொன்னதக் கேட்டுக் கடைசி பெஞ்சுல போட்டாங்க. அதையே நான் இன்னொரு பிள்ளைக்குச் செய்யப் பாத்தேன்."



மறுநாள் முழுக்க அவள் அந்த வகுப்பின் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்து அறையில் குழந்தை அழும் சத்தம் கேட்டபோதெல்லாம் சிறுமியின் பென்சில் நின்றது. அழுகை ஓய்ந்ததும் மறுபடி ஓடியது. அழுதது சிறுமியின் தங்கை. புதிதாகச் சேர்ந்தவள். தாயில்லாத வீட்டில் அவளை வளர்ப்பதே இந்தச் சிறுமிதான்.

'கவனம் இருக்கிறது, பக்கத்து அறையில் இருக்கிறது' என்று திருத்தி எழுதினாள். இடைவேளைதோறும் இருவரும் பார்த்துக்கொள்ள விட வேண்டும், இதே பள்ளியில் படிக்க வேண்டும் என்றும் சேர்த்தாள்.

பெரிய மேடம் வரிவரியாகப் படித்துவிட்டுப் பேனாவை அவள் பக்கம் நகர்த்தினார்.

"உனக்கு மேற்பார்வை இதோட முடிஞ்சுது. நீயே போடு."

தலைமையாசிரியர் முகம் சுளித்தார். ஆனால் சிறுமி அங்கேயே படித்தாள்.

கையெழுத்துப் போட்ட அன்று மாலை, பலகையை மாட்டுமுன் அண்ணன் அதைத் திருப்பினான். தங்கை முதன்முதலாகத் தன் கையெழுத்தைத் தானே போட்ட நாளைப் பின்பக்கத்தில் மெல்லிய தூரிகையால் எழுதினான்: செப்டம்பர் 17, 2019.