அண்ணை எழும்பி நின்ற நாள்

அகதிக் கோரிக்கை கொடுத்த பிறகு என்னையும் அண்ணையையும் ஸ்காபரோவில் ஒரு பழைய மோட்டல் அறையில் தற்காலிகமாக விட்டிருந்தார்கள். பாரிசவாதத்தில் அண்ணைக்கு வலப்பக்கம் முழுக்க விழுந்திருந்தது. குளிக்க வார்ப்பது, சேட்டுக்குப் பொத்தான் பூட்டுவது, சோற்றைக் குழைத்துக் கொடுப்பது எல்லாம் நான்தான். ஆனால் வளர்ந்த சகோதரங்கள் ஒரு குடும்பம் இல்லையாம். ஆணுக்கு ஓரிடம், பெண்ணுக்கு வேறிடம். நான்தான் அவரைப் பராமரிக்கிறேன் என்று ஓர் அதிகாரி வந்து பார்த்து எழுதினால் மட்டும் இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரு வீடு தருவார்கள்.

அதிகாரி வருகிற நாளில் நான் செய்த வேலையை என்னவென்று சொல்ல? வீட்டுக்கு ஆள் வந்தால் நாங்கள் செய்கிற அத்தனையையும் செய்தேன். மூத்திரப் போத்தலை ஒளித்தேன். விரிப்பை மாற்றினேன். அண்ணைக்குச் சவரம் செய்து, வெள்ளைச் சேட்டுப் போட்டு, தலை இழுத்து, மேசையோரம் கதிரையில் இருத்தினேன். சக்கர நாற்காலி பார்க்க அலங்கோலமாக இருந்ததால் அதைக் குளியலறைக்குள் தள்ளிவிட்டேன். எனக்குப் புத்தி எங்கே போனதோ தெரியவில்லை.

அண்ணை ஊரில் முப்பது வருடம் அரசாங்கக் கந்தோரில் கிளார்க்காக இருந்தவர். அதிகாரி என்றால் எழும்பி நின்றே பழகியவர். வந்த அதிகாரி ஒரு பெண். அவள் உள்ளே வந்ததும், இடக்கையால் மேசையைப் பிடித்து, மெல்ல மெல்ல எழும்பி நின்றார். நான் தூக்காமல் மாதக்கணக்காக எழும்பாத மனிதர். ஏதும் உதவி தேவையா என்று கேட்டதற்கு, ஒன்றும் தேவையில்லை என்று நல்ல ஆங்கிலத்தில் சொன்னார். எனக்குப் பெருமையில் கண் கலங்கிவிட்டது. அவள் சிரித்தபடி எழுதிக்கொண்டாள்.

‘உதவியின்றி எழுந்து நிற்கக்கூடியவர்’ என்று கடிதம் வந்தது.

அண்ணையை நகரத்துக்குள் ஆண்கள் தங்கும் இடத்துக்கு அனுப்பினார்கள். என்னை ஸ்காபரோவிலேயே, மல்வேர்ன் பக்கம், பெண்களோடு விட்டார்கள். நான் பஸ்ஸும் ரயிலும் மாறி ஒவ்வொரு நாளும் போய்ப் பார்த்தேன். எப்போது போனாலும் சேட்டுப் பொத்தான் மாறித்தான் பூட்டியிருக்கும். மற்றவர்களிடம் கேட்க வெட்கப்பட்டு, ஒருநாள் தனியாகக் கழிவறைக்குப் போய் விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டார். பாவி நான், அந்தச் சக்கர நாற்காலியை மறைத்திருக்காவிட்டால்.

இடுப்பு ஓரளவு தேறியதும் மறுபடி விண்ணப்பித்தோம். அண்ணை இருந்த இடத்துக்கு அதே பெண்தான் வந்தாள். அவள் வருவதற்கு முதல் நாளே அண்ணையிடம் சொல்லி வைத்திருந்தேன்.

“இந்தமுறை எழும்பாதேங்கோ அண்ணை.”

“வாற மனுசி என்ன நினைக்கும், பிள்ளை?”

“நினைச்சால் நினைக்கட்டும்.”

ஓம் என்று தலையாட்டியவர், அவள் வாசலுக்கு வந்ததும் மேசையில் கையை ஊன்றினார். கழுத்தெல்லாம் வேர்த்தது. உடம்பு கதிரையை விட்டு அசையவே இல்லை. “சொறி, மேடம்” என்று ஆங்கிலத்தில் மன்னிப்புக் கேட்டார். அவள் குனிந்து எழுதினாள்.

அந்த நேரம் எனக்குச் சந்தோஷம் வந்தது. மறைக்க என்ன இருக்கிறது, என் அண்ணை எழும்ப முடியாமல் தவித்ததைப் பார்த்து நான் சந்தோஷப்பட்டேன். அவர் என் முகத்தைக் கண்டுவிட்டார்.

வீடு கிடைத்தது. மல்வேர்னிலேயே, படியேறத் தேவையில்லாத கீழ்த்தளம், இரண்டு அறை. பொத்தான்களை நான்தான் பூட்டிவிடுகிறேன். இப்போது யார் வந்தாலும் அண்ணை மேசையில் கை வைப்பதில்லை.