நாற்பது நாள் வாஷர்

ஊரில் அந்தக் குழாய்க்காரருக்கு ரேடியோ என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்றும் இருந்தது. அது கோயிலின் ஞானஸ்நானப் பதிவேட்டில் பத்திரமாகத் தூங்கியது. ஒரு வீட்டுக் குழாயில் என்ன அடைத்திருந்தது என்பதை அடுத்த வீட்டுக் குழாயைக் கழற்றும்போது சொல்லிவிடுவார். யாருக்குப் பொய்ப்பல், யார் தலைக்குச் சாயம் அடிக்கிறார், யார் மாத்திரையை விழுங்காமல் தொட்டியில் போடுகிறார் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. ஊரில் எந்த ஒழுக்கையும் நிறுத்துவார். தன் ஓட்டைவாய்க்கு மட்டும் அவரிடம் வாஷர் இல்லை.

இப்படிப்பட்டவரைத்தான் மௌனமாக வாழும் கன்னியரின் மடத்துக்குக் குழாய் போட ஆயர் தேர்ந்தெடுத்தார். ஆயருக்கு நகைச்சுவை உணர்ச்சி உண்டென்று அதுவரை யாருக்கும் தெரியாது.

கடல் தாண்டி ஏழு கன்னியர் வந்து இறங்கியபோது ஊரே சப்புக்கொட்டிக்கொண்டு காத்திருந்தது. பள்ளிக்கூடம் கட்டுவார்கள், பிள்ளைகளுக்கு இடம் வாங்கிவிடலாம், குறைந்தபட்சம் ஓர் ஆஸ்பத்திரியாவது வரும் என்று ஆளாளுக்கு ஒரு கணக்குப் போட்டிருந்தார்கள். வந்தவர்களோ, நாங்கள் ஒரு கட்டடத்துக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு உங்களுக்காக ஜபம் செய்வோம், வெளியே வரவே மாட்டோம் என்றார்கள். ஊர் முகத்தில் ஈயாடவில்லை.

“ஜபம் பண்றதுக்கா இவ்வளவு தூரம் வந்தாங்க? அங்கேருந்தே பண்ணியிருக்கலாமே, கடவுளுக்குக் கேக்காதா?” என்றார் முடிதிருத்தும் கடைக்காரர். அவர் கடைதான் ரேடியோவின் நிலையம்.

மடத்துக்கு ஆயர் தாராள மனதோடு ஓர் இடம் கொடுத்தார். பத்து வருடமாக யாரும் வாங்காத பழைய ஐஸ் ஃபாக்டரி. பனி கொட்டும் தேசத்திலிருந்து வந்தவர்களுக்கு வீட்டு நினைவு வரட்டும் என்று நினைத்தாரோ என்னவோ. ஏழு கன்னியரும் முட்டி போட்டுத் துருவைச் சுரண்டினார்கள். ஐஸ் கட்டிகள் அடுக்கிய கூடத்தில் பீடம் வைத்தார்கள். எந்திரம் இருந்த இடத்தில் பலகைத் தடுப்பு அடித்து அறைகள் பிரித்தார்கள். தலைவி மதர், தமிழைப் புத்தகம் வைத்துப் படித்துவிட்டு வந்தவர். “ஐயா, இந்த நீர்க்குழாய் ஏன் அழுதுகொண்டிருக்கிறது?” என்பார். ரேடியோ அன்று மாலையே அதைக் கடையில் நடித்துக் காட்டுவார்.

மடத்தை மூடும் நாளில் ஆயர் வந்து அறை அறையாகத் தீர்த்தம் தெளித்தார். பாட்டுப் பாடினார்கள். கன்னியர் உள்ளே போனார்கள், ஆயர் கதவைப் பூட்டினார், கூட்டம் கண்ணைத் துடைத்துக்கொண்டது. அப்போது மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது: “சாமி, நான் இன்னும் உள்ளேதான் இருக்கேன்.”

மிதவை வால்வை மாட்டிக்கொண்டிருந்த ரேடியோவை எல்லோரும் மறந்துவிட்டார்கள். ஆயர் புனிதமாகப் பூட்டியதைத் திறக்க வழிமுறை உண்டா என்று அரைமணி நேரம் புத்தகத்தைப் புரட்டினார்கள். அந்த அரைமணி நேரம் ரேடியோ அந்த மடத்தின் எட்டாவது துறவியாக இருந்தார். அதற்குப் பிறகு அவர் பழுது பார்க்க வரும்போதெல்லாம் மதர் முகத்தில் திரையை இறக்கிக்கொண்டு, கையில் சின்ன மணியை ஆட்டியபடி முன்னே நடப்பார். மணிச் சத்தம் கேட்டதும் கன்னியர் அறைகளுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார்கள். அவர்களின் மடங்களில் அது பழைய ஒழுங்கு. ரேடியோவுக்கு ஊர்வலத்தில் போகிற மிடுக்கு வந்துவிட்டது.

உள்ளே போய்வரும் ஒரே ஆம்பளை என்பதால் அவருக்குக் கிராக்கி ஏறியது. பார்த்தது வெறும் கதவுகள்தான். அதை வைத்தே இரண்டு வருடம் ஓட்டினார். கடையில் சொன்னது போக மிச்சத்தை வீட்டில் சாப்பிடும்போது சொல்வார். “நாள் முழுக்கப் பேச்சே கிடையாது. எதுத்தாப்ல வந்தாலும் தலையை மட்டும் ஆட்டுவாங்களாம். இந்த ஊர்லேருந்து யாராவது சேரணுமாம், நாலு வருஷத்துக்குள்ள ஒருத்தியும் வரலேன்னா மூட்டையைக் கட்டிட்டுப் போகணும்னு அவங்க தலைமை மடத்துலேருந்து உத்தரவாம். எந்தப் பைத்தியக்காரி போவா?”

எதிரே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள் அவருடைய ஒரே மகள். பிறந்ததிலிருந்து ரேடியோ அணையாத வீட்டில் வளர்ந்தவள். நாள் முழுக்கப் பேச்சில்லாத ஓர் இடம் இருக்கிறது என்று அப்பா தினமும் விளம்பரம் செய்தால் அவள் வேறென்ன செய்வாள்? மூன்றாவது வருடம், இருபத்தொரு வயதில், “அப்பா, நான் அங்கே போறேன்” என்றாள்.

ஏழு கன்னியரின் மடம் பிழைத்தது. ரேடியோவின் வீடு இடிந்தது. அவர் கத்தினார், இரண்டு நாள் பட்டினி கிடந்தார், பங்குச்சாமியிடம் போய் ஆயரை ஏசினார். மகள் அசையவில்லை. கடைசியில் முடிதிருத்தும் கடையில் ஊர் சாட்சியாகச் சபதம் போட்டார். “அப்பன்னு சொல்லிக்கிட்டு அந்தச் சந்திப்பு அறையில கம்பிக்கு முன்னால போய் உக்கார மாட்டேன். செத்தாலும் மாட்டேன்.” சபதம் போட்டதற்கு அவர் மனைவி ஒரே ஒரு பதில் சொன்னாள். “சரி, நான் போய்க்கிறேன்.” வீட்டார் கம்பிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து பேச மாதத்தில் முதல் ஞாயிறு அனுமதி உண்டு; தவறாமல் போனாள்.

ரேடியோ சொன்ன சொல் தவறவில்லை. அப்பாவாகப் போகவில்லை, குழாய்க்காரராகப் போனார். மகள் சேர்ந்த இரண்டாம் மாதம் ஒரு குழாய் உண்மையாகவே ஒழுகியது. மணிக்குப் பின்னால் நடந்தபோது, பலகைத் தடுப்புக்கு அப்பால் யாரோ தும்மினார்கள். ஒன்று, இரண்டு, மூன்று. அவர் மகளுக்குத் தும்மல் எப்போதும் மூன்றாகத்தான் வரும். ரேடியோ அப்படியே நின்றுவிட்டார். “ஐயா, பழுது அந்தப் பக்கம்” என்றார் மதர்.

அன்று அவர் மாட்டியது கடையில் வாங்கிய வாஷர் அல்ல. கருவிப்பெட்டியில் கிடந்த தன் பழைய நீல ரப்பர் செருப்பில் வட்டமாக வெட்டிய துண்டு. அது நாற்பது நாள் தாங்கும், பிறகு ஒழுகும், மதர் ஆள் அனுப்புவார், இவர் போவார், வேறொரு நீலத் துண்டைப் போடுவார். ஒரு தும்மல் கேட்க இவ்வளவு பாடு. சில தடவை அதுவும் கேட்காது. முப்பது வருடம் நாணயமாகத் தொழில் செய்த மனுஷன், கடவுளின் வீட்டில்தான் முதல்முதலாகக் கள்ளவேலை செய்தார். கம்பிக்கு முன்னால் போய் உட்கார்ந்திருந்தால் மகள் முகத்தையே பார்த்திருக்கலாம். ஆனால் கௌரவம் என்று ஒன்று இருக்கிறதே.

ஒரு ஞாயிறு மனைவி திரும்பி வந்து, “உங்க பழைய நீலச் செருப்பைத் தூக்கிப் போட்டாச்சான்னு கேட்டா” என்றாள்.

“பேசறதுக்கு வேற விஷயமே கிடைக்கலையாமா அவளுக்கு?” என்றார் ரேடியோ. காதைத் தீட்டிக்கொண்டு கேட்பவருக்கும் சிலது உறைப்பதில்லை.

இரண்டு வருடம் இப்படியே போனது. ஒரு நாள் மதர் தன் புத்தகத் தமிழில் சொன்னார்: “ஐயா, இரவெல்லாம் ஒழுகி, விடியும்போது தொட்டி காலியாகிவிடுகிறது. எங்களில் இளையவர் கிணற்றிலிருந்து மாடிக்கு வாளி வாளியாகச் சுமக்கிறார். அவருடைய கைகள் புண்ணாகிவிட்டன.”

இளையவர் யார் என்று அவர் கேட்கவில்லை. அந்த மடத்தில் இளையவர் ஒருத்திதான். ரேடியோவுக்கு அவமானமாக இருந்தது. அன்று ஒவ்வொரு குழாயையும் கழற்றி, தன்னிடம் இருந்ததில் ஒசத்தியான வாஷரைப் போட்டு, நட்டில் துணி சுற்றி முறுக்கினார். துணி சுற்றாமல் ரெஞ்சைப் போட்டால் பித்தளையில் பல் பதியும்; பல் பதிய வேலை செய்கிறவன் பிளம்பரே இல்லை என்பது அவர் கொள்கை. சின்ன வயதில் டார்ச் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்ற மகளுக்கும் அதைத்தான் சொல்லிக் கொடுத்திருந்தார். “இனிமே பத்து வருஷத்துக்கு நான் தேவைப்பட மாட்டேன் மதர்” என்றார். வீட்டுக்கு வந்து பேசாமல் படுத்தார். மனைவி பயந்துபோய் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

பதினெட்டாம் நாள் மடத்திலிருந்து ஆள் வந்தது. குழாய் ஒழுகுகிறதாம்.

என் வேலையா ஒழுகுது என்ற கோபத்தோடு போனார். மணி முன்னே போனது, கதவுகள் சாத்திக்கொண்டன. குழாயைப் பார்த்தார். யாரோ கழற்றி மாட்டியிருந்தார்கள், ஆனால் நட்டில் ஒரு கீறல் இல்லை. திறந்தார். உள்ளே ஒசத்தி வாஷர் இல்லை. ஓரம் தேய்ந்து, நடுவில் பள்ளம் விழுந்த நீல ரப்பர் துண்டு இருந்தது. அவரே வெட்டியது, அவரே போன வருடம் கழற்றி மூலையில் எறிந்தது. ஒசத்தி வாஷர் ஜன்னல் விளிம்பில், ஒரு துணியில் சுற்றி, தயாராக இருந்தது.

எல்லாம் தெரிந்திருக்கிறது அவளுக்கு. இத்தனை நாளும் தெரிந்தே சுமந்திருக்கிறாள். புண் ஆறுவதற்குள் மறுபடி வாளியைத் தூக்கத் துணிந்து இதை மாட்டியிருக்கிறாள். பாவசங்கீர்த்தனத்தில் இதை எந்தப் பாவத்தின் தலைப்பில் சொன்னாளோ, பங்குச்சாமி என்ன அபராதம் கொடுத்தாரோ. ரேடியோ தரையில் உட்கார்ந்து அழுதார். மதர் திரைக்குள்ளேயே சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றார். மணி மட்டும் கையில் லேசாகக் கிணுகிணுத்தது.

கொஞ்ச நேரம் கழித்து ஒசத்தி வாஷரை எடுத்து மாட்டினார், துணி சுற்றி முறுக்கினார். நீலத் துண்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

“மதர், அந்தச் சந்திப்பு அறை... ஞாயித்துக்கிழமை எவ்வளவு நேரம் விடுவீங்க?”

“அரைமணி நேரம், ஐயா.”

“அவ்வளவு நேரம் நான் என்னத்தைப் பேசறது?” என்றார் ரேடியோ.

“பேச வேண்டிய கட்டாயம் இல்லை” என்றார் மதர். “எங்களுக்கு அது பழக்கம்தான்.”

ஞாயிற்றுக்கிழமை முடிதிருத்தும் கடை வாசலில் பத்துப் பேர் நின்று பார்க்க, ரேடியோ சலவைச் சட்டை போட்டு மனைவியோடு மடத்துக்குப் போனார். சபதம் என்னாச்சு என்று ஒருவர் கேட்டார். இவர் நடையை எட்டிப் போட்டார். கம்பிக்கு அந்தப் பக்கம் மகள் வந்து உட்கார்ந்தாள். உள்ளங்கையில் காய்ப்பு இருந்தது, முகம் தெளிவாக இருந்தது. ஊரின் வானொலி நிலையம் அரைமணி நேரமும் வாயைத் திறக்கவில்லை. அம்மாவும் மகளும்தான் பேசினார்கள். நேரம் முடியும்போது அவர் நீலத் துண்டை எடுத்துக் கம்பியின் கீழ்ப்பலகையில் வைத்தார்.

மகள் அதைப் பார்த்தாள். மூன்று முறை தும்மினாள்.

“அந்தச் செருப்பைத் தூக்கிப் போட்டுடுங்கப்பா” என்றாள்.

“எப்படிம்மா போடறது? அதுல இன்னும் எட்டு வாஷர் வரும்” என்றார் ரேடியோ.